அமுக்கிப் பார்த்தால் தெரியும்

மக்னீசியக் கம்பியை இழுத்து மட்டும் பார்த்துவிட்டு அதன் பலத்தை எழுதிக் கொடுக்கிற அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன். எஃகுக் கம்பியில் இந்தச் சந்தேகம் எழாது. இழுத்தாலும் அமுக்கினாலும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் அது விட்டுக்கொடுக்கத் தொடங்கும். மக்னீசியத்தின் சங்கதி வேறு. மூன்று சதவீதம் அலுமினியமும் ஒரு சதவீதம் துத்தநாகமும் சேர்ந்த ஏஇசட்31 கலவையைக் கையேட்டில் தேடிப் பாருங்கள். எக்ஸ்ட்ரூஷன் செய்த, அதாவது டை வழியாகப் பிதுக்கிய, கம்பிக்கு இழுவை ஈல்டு 200 மெகாபாஸ்கல், அமுக்க ஈல்டு 97 மெகாபாஸ்கல் என்று அடுத்தடுத்த கட்டங்களில் போட்டிருக்கும். ஒரே கம்பிதான். இழுத்து நிரந்தரமாக உருமாற்ற 200 வேண்டும். அமுக்கி உருமாற்ற அதில் பாதிகூட வேண்டாம்.

கம்பியை வளைத்தாலே இது வெளியே வந்துவிடும். வளைவின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. உட்புறம் முதலில் விட்டுக்கொடுப்பதால், இழுவையும் இல்லாமல் அமுக்கமும் இல்லாமல் நடுவில் இருக்க வேண்டிய கோடு மையத்தை விட்டு வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். கோடு மையத்திலேயே இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போட்டவரின் பாகம் அவர் எதிர்பார்த்ததற்கு முன்பே கோணிக்கொள்ளும்.

பொறியியல் கல்லூரி ஒன்றின் சோதனைக்கூடத்தில் இழுத்தும் அமுக்கியும் சோதிக்கிற யு.டி.எம். மெஷின் என் பொறுப்பு. ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் கம்பிகளில் அதிகம் வருவது மக்னீசியக் காம்போசிட்தான். மக்னீசியக் கலவையை உருக்கி, அதில் சிலிக்கான் கார்பைடோ அலுமினாவோ பொடியாகத் தூவிக் கிளறி, வார்த்த கட்டையைச் சூடாக்கி, டை வழியாகப் பிதுக்கிக் கம்பியாக்கிக் கொண்டுவருவார்கள். ஒரு கன சென்டிமீட்டர் மக்னீசியம் 1.74 கிராம், அலுமினியம் 2.70, எஃகு 7.85. இந்த மூன்று எண்களில்தான் எல்லா ஆய்வேட்டின் முதல் அத்தியாயமும் தொடங்கும். எடை குறைவு, ஆனால் விறைப்பும் குறைவு. அதைச் சரிக்கட்டப் பொடி. இதுதான் திட்டம். திட்டத்தில் கோளாறு இல்லை. பொடி தன் வேலையை எந்த இடத்தில் செய்கிறது என்பதில்தான் எனக்கும் மாணவர்களுக்கும் ஓயாத வழக்கு.

பொடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பொடி இல்லாத வெறும் கம்பியைப் பார்த்துவிட வேண்டும்.

மக்னீசிய அணுக்கள் அறுகோண அடுக்காகக் கட்டுப்பட்டவை. ஒவ்வொரு தளமும் தனக்குக் கீழுள்ள தளத்தின் மீது எளிதாக வழுக்கும். வேறு திசைகளில் வழுக்க வைப்பது பெரும்பாடு. தூய ஒற்றைப் படிகத்தில் இந்த அடுக்குத் தளம் வழுக்க அரை மெகாபாஸ்கல் அளவு வெட்டு அழுத்தம் போதும்; மற்றத் தளங்கள் வழுக்க அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வெற்றிலைக் கவுளியைக் கையில் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. இலைமேல் இலை தானாகச் சறுக்கும். அடுக்கைத் துளைத்துக்கொண்டு எதையும் நகர்த்த முடியாது.

டை வழியாகப் பிதுக்கும்போது இந்தக் கவுளிகள் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. இலைகள் கம்பியின் நீளவாக்கில் நின்றுகொள்ளும். அடுக்கின் அச்சு கம்பிக்குக் குறுக்கே, ஆரம் போகிற திசையில் இருக்கும். ஒன்றிரண்டு துணுக்குகள் மட்டுமல்ல, கம்பியில் உள்ள கிரெய்ன்களில், அதாவது சிறு படிகங்களில், பெரும்பாலானவை இப்படித்தான் நிற்கும். டெக்ஸ்சர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இந்தக் கம்பியை இரண்டு முனையிலும் பிடித்து நெட்டுக்கு அமுக்குங்கள். இலைகள் சுமையின் திசையிலேயே நிற்பதால் இலைமேல் இலை சறுக்க வழியே இல்லை. தளத்தின் மீது விழுகிற வெட்டு அழுத்தம் ஏறக்குறையப் பூஜ்யம். அப்படியானால் கம்பி பிடிவாதமாக நிற்க வேண்டும். நிற்பதில்லை. 97 மெகாபாஸ்கலிலேயே மடிந்துகொடுக்கிறது.

காரணம், வழுக்காமலேயே உருமாற மக்னீசியத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. படிகத்தின் ஒரு பட்டை அப்படியே 86.3 பாகை சாய்ந்துவிடும். நின்ற கவுளி படுத்துக்கொள்கிறது. ட்வின்னிங் என்று இதற்குப் பெயர். இந்தக் குறிப்பிட்ட சாய்வு ஒருவழிப்பாதை: அடுக்கின் அச்சு நீளும்படி விசை வந்தால் மட்டும் நடக்கும், குறுகும்படி வந்தால் நடக்காது. கம்பியை நெட்டுக்கு அமுக்கினால் குறுக்கே விரியும். அச்சுகள் குறுக்கேதான் கிடக்கின்றன. ஆக அச்சு நீள்கிறது, பட்டை சாய்கிறது. அதே கம்பியை இழுத்தால் குறுக்கே சுருங்கும், இந்த வழி அடைபட்டுப்போகும், கடினமான வழுக்கலை நாடியாக வேண்டும். 200க்கும் 97க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அமுக்கத்தில் கம்பி பலவீனமாகவில்லை. அதற்கு ஒரு குறுக்குவழி கிடைத்துவிட்டது.

இந்தக் குறுக்குவழிக்கு எல்லை உண்டு. ட்வின் ஒன்றின் வெட்டுத்திரிபு 0.13 மட்டுமே. எல்லாக் கிரெய்னும் முழுக்கச் சாய்ந்து முடித்தாலும் கம்பி ஆறேழு சதவீதம் குறுகியிருக்கும், அதற்கு மேல் ட்வின் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதற்குள் கவுளிகள் எல்லாம் படுத்துவிட்டன. இலைகளின் முகத்தின் மீதே சுமை நேராக இறங்குகிறது. இப்போதும் வழுக்க முடியாது, சாயவும் முடியாது. இருப்பதிலேயே கடினமான வழிகளைத்தான் உலோகம் தேட வேண்டும்.

மானிட்டரில் இது அப்படியே எழுதிக்காட்டும். முதலில் நேர்கோடு. ஈல்டு வந்ததும் கோடு கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு நகரும். சுமை ஏறாமல் கம்பி குறுகிக்கொண்டே போகும். பிறகு யாரோ உலுக்கி எழுப்பினாற்போல மேல்நோக்கி வளைந்து, சரசரவென்று ஏறும். முந்நூறைத் தாண்டி எங்கோ வளைவு மெல்லச் சாயத் தொடங்குவதற்குள் உடைந்துவிடும். எஃகு, அலுமினியம், பித்தளை என்று மற்ற உலோகங்களில் உருமாற்றம் கூடக்கூடக் கோட்டின் ஏற்றம் குறைந்துகொண்டே வரும். இங்கே நடுவில் ஏற்றம் கூடுகிறது. வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'இது எக்ஸ்ட்ரூஷன் செய்த மக்னீசியம், நெட்டுக்கு அமுக்கியிருக்கிறார்கள்' என்று சொல்லிவிடலாம். அந்தப் படுத்த பகுதியின் நீளத்தைவிட நம்பகமான சாட்சி வேறில்லை என்பது என் எண்ணம். ஈல்டு என்ற ஒற்றை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிராஃபைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் ஆற்றாமைதான் வரும்.

சாம்பிள் தயாரிப்பதைப் பற்றி ஆய்வேடுகளில் ஒரு வரிதான் இருக்கும். எனக்கோ பாதி வேலை அங்கேதான்.

மக்னீசியத்தைக் கடைவது சுகமான வேலை. டூலுக்கு வெண்ணெய்போல விட்டுக்கொடுக்கும். பொடி கலந்த கம்பி அப்படியில்லை. சிலிக்கான் கார்பைடு கார்பைடு டூலைவிடக் கடினம் என்பதால் முனை சீக்கிரமே மழுங்கும். மழுங்கிய டூல் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் மெல்லிய சீவல் தீப்பிடிக்கலாம். எங்கள் லேத் அண்ணன் மக்னீசியம் ஏற்றும் நாளில் காய்ந்த மணல் வாளியைக் காலடியில் வைத்துக்கொள்வார். புதிதாக வந்த மாணவன் ஒருவன் தண்ணீர்க் குழாயைக் காட்டியபோது, "தம்பி, இந்த நெருப்புக்குத் தண்ணி ஊத்துனா அணையாது, எரியும். மணல அள்ளிப் போடு, தள்ளி நில்லு" என்றார். எரிகிற மக்னீசியம் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். அண்ணனுக்கு அந்தச் சமன்பாடு தேவைப்படவில்லை.

நாங்கள் வழக்கமாக எடுப்பது 10 மில்லிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் உயரம். உயரம் விட்டத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் சாம்பிள் நசுங்குவதற்குப் பதில் வளைந்து சரியும் அபாயம். விட்டத்தைவிடக் குறைந்தால் தட்டுகளின் உராய்வு முழுச் சாம்பிளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உலோகத்துக்கு இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டும். ஒன்றரை மடங்கு ஒரு சமரசம். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் கிடையாது. சற்றே சாய்ந்திருந்தாலும் ஒரு விளிம்பு முதலில் சுமை வாங்கும், அந்த விளிம்பில் ட்வின் முன்கூட்டியே கிளம்பிவிடும், கோட்டின் அடிப்பகுதி நேராக ஏறாமல் குழைந்து வரும். முகத்தில் மாலிப்டினம் டைசல்பைடு கிரீஸ் தடவி, மெல்லிய டெஃப்லான் தாள் வைப்போம். அப்படியும் பத்து சதவீதத்தைத் தாண்டினால் சாம்பிளுக்குப் பீப்பாய்போல வயிறு வைக்கும். வயிறு வைப்பது அழகுக் குறைவு மட்டுமல்ல. அந்த வயிற்றின் மேற்பரப்பில் சுற்றுவட்டமாக இழுவை பிறக்கிறது. அமுக்கச் சோதனை என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் இழுவைச் சோதனை நடக்கிறது. காம்போசிட்டில் முதல் விரிசல் பல தடவை அங்கிருந்துதான்.

இன்னொரு சமாச்சாரம் மெஷினைப் பற்றியது. 10 மில்லிமீட்டர் சாம்பிள் 97 மெகாபாஸ்கலில் ஈல்டு ஆகும்போது சுமை 7.6 கிலோநியூட்டன். மக்னீசியத்தின் மீள்குணகம் 45 கிகாபாஸ்கல். 15 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கணக்குப் பார்த்தால் அதுவரை சாம்பிள் குறுகியிருப்பது 0.032 மில்லிமீட்டர். ஈல்டைக் குறிக்க நாம் ஒதுக்குகிற 0.2 சதவீதத் திரிபும் 0.03 மில்லிமீட்டர்தான். 7.6 கிலோநியூட்டன் சுமைக்கு மெஷினின் சட்டமும் திருகும் தட்டும் சேர்ந்து இதே அளவோ இதைவிட அதிகமோ அமுங்கிக்கொடுக்கும். குறுக்குச் சட்டம் நகர்ந்த தூரத்தை அப்படியே சாம்பிள் குறுகிய தூரமாக எழுதிவிட்டால், 45 கிகாபாஸ்கல் இருக்க வேண்டிய இடத்தில் பத்தோ பன்னிரண்டோ வரும். அந்தக் கிராஃபை வைத்துக்கொண்டு 'பொடி சேர்த்ததால் விறைப்பு கூடியது' என்று ஒருவர் எழுதினால், கூடியது பொடியாலா, தட்டைத் துடைத்து வைத்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. சாம்பிள் மேலேயே எக்ஸ்டென்சோமீட்டர் மாட்ட வேண்டும். முடியாவிட்டால் சாம்பிள் இல்லாமல் தட்டோடு தட்டை அமுக்கி மெஷினின் பங்கை அளந்து கழிக்க வேண்டும். பத்து சதவீதம் குறுகினால் சாம்பிளின் பரப்பு 11 சதவீதம் கூடியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பரப்பால் வகுத்த எண்ணைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

இனிப் பொடிக்கு வரலாம்.

ஒரு ஆய்வு மாணவி இரண்டு கம்பி கொண்டுவந்தாள். ஒன்று கடையில் வாங்கிய ஏஇசட்31, இன்னொன்று அவளே நானோ அலுமினா கலந்து உருக்கிப் பிதுக்கியது. அமுக்க ஈல்டு கணிசமாகக் கூடியிருந்தது.

"சார், பொடி நல்லா வேலை செஞ்சிருக்கு பாருங்க."

"வேலை செஞ்சிருக்கும்மா. எப்ப செஞ்சுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறையவில்லை, சந்தேகம் இருந்தது. ஒப்பிட எடுத்த கம்பியும் அவள் கம்பியும் ஒரே அடுப்பில் பிறந்தவையல்ல. உருக்கிய விதம் வேறு, டை வேறு, சூடு வேறு, பிதுக்கிய வேகம் வேறு. பொடியைத் தவிர இன்னும் நாலைந்து காரணங்கள் இடையில் நிற்கின்றன. பொடி இல்லாத கலவையை அதே மூசையில், அதே ஆர்கானில், அதே நேரம் கிளறி, அதே டையில் பிதுக்கி எடுத்த கம்பி ஒன்று இருந்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம். வெறும் உலோகத்தைப் போய் எதற்குக் கிளறுவது என்று கேட்பார்கள். கிளறித்தான் ஆக வேண்டும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மனோஜ் குப்தாவின் குழு வெளியிட்ட மக்னீசியக் காம்போசிட் ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது இந்த ஒழுங்குதான். உருகிய கலவையை ஆர்கான் சூழலில் கிளறி, மூசையின் அடித்துளை வழியாக இறக்கி, இறங்குகிற தாரையை ஆர்கான் பீச்சால் சிதறடித்துக் கீழே கட்டையாகச் சேர்ப்பார்கள். அந்தக் கட்டையை 36 மில்லிமீட்டருக்குக் கடைந்து 8 மில்லிமீட்டர் கம்பியாகப் பிதுக்குவார்கள். பரப்பு விகிதம் 20.25. பொடி போட்டதும் போடாததும் இதே வழியில் வரும். ஒப்பிட்டால் உறுத்தாது.

சரி, பொடி எப்போது வேலை செய்கிறது? என் முடிவு இது: அமுக்கச் சோதனையில் நாம் பார்க்கிற மாற்றத்தின் பெரும்பகுதியைத் துகள்கள் சோதனைக்கு முன்பே, டைக்குள் இருந்த அந்தச் சில நொடிகளிலேயே செய்து முடித்துவிடுகின்றன. சூடாகப் பிதுக்கும்போது பழைய கிரெய்ன்கள் கலைந்து புதியவை முளைக்கும். ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகள் இருந்தால் அதைச் சுற்றி உலோகம் கன்னாபின்னாவென்று திரிந்திருக்கும். அந்த இடத்தில் முளைக்கிற கிரெய்ன்கள் கம்பியின் ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் தறிகெட்ட திசைகளில் நிற்கும். நானோ துகள்கள் வேறு விதம்: முளைத்த கிரெய்ன் பெரிதாகாமல் அதன் எல்லையைப் பிடித்து நிறுத்தும். முதலாவது திசை ஒழுங்கைக் கெடுக்கிறது; இரண்டாவது கிரெய்னைச் சிறுக்க வைக்கிறது. இரண்டுமே ட்வின்னுக்கு விரோதம்.

கிரெய்ன் சிறுப்பது ட்வின்னை எவ்வளவு பாதிக்கும் என்பதை ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் பார்னெட்டும் உடன் வேலை செய்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஏஇசட்31இலேயே, பொடி எதுவும் இல்லாமல், கிரெய்ன் அளவை மட்டும் மாற்றி அமுக்கிப் பார்த்தார்கள். சிறுக்கச் சிறுக்க ட்வின் பின்வாங்கி வழுக்கல் முன்வருகிறது, அந்தப் படுத்தெழும் கோடு சாதாரண உலோகத்தின் கோடாக மாறிவிடுகிறது. இதைப் படித்த பிறகு, ஒரு காம்போசிட் கம்பியின் கோட்டில் படுத்த பகுதி குறைந்திருந்தால் நான் முதலில் கேட்பது 'எவ்வளவு பொடி' என்றல்ல, 'கிரெய்ன் எத்தனை மைக்ரான்' என்று.

இங்கே ஒரு சூத்திரத்தின் மீது எனக்குள்ள மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். ஓரோவான் என்பவர் பெயரில் வழங்குவது. டிஸ்லொகேஷன், அதாவது வழுக்கலை நகர்த்திச் செல்லும் படிகக் கோளாறு, துகள்களுக்கு இடையே பிதுங்கிப்போக எவ்வளவு கூடுதல் அழுத்தம் வேண்டும் என்று அது சொல்லும். 50 நானோமீட்டர் துகளைக் கன அளவில் 1.5 சதவீதம் போட்டு, அவை ஒட்டாமல் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால் இடைவெளி சுமார் 110 நானோமீட்டர். கூடுதல் பலம் 25லிருந்து 30 மெகாபாஸ்கல் என்று வரும். நல்ல சூத்திரம்தான். ஆனால் அது வழுக்கலுக்கான சூத்திரம். நெட்டுக்கு அமுக்கப்படும் இந்தக் கம்பி ஈல்டு ஆவது வழுக்கலாலா? பட்டை சாய்வதால் வந்த ஈல்டுக்கு வழுக்கல் சூத்திரத்தைப் போட்டு, கணக்கும் சோதனையும் ஒத்துப்போகிறது என்று எழுதினால் அந்த ஒற்றுமை தற்செயல். ட்வின் பட்டை சின்னத் துகளைக் கண்டு நிற்பதுகூட இல்லை. அதைச் சுற்றி வளர்ந்து உள்ளே விழுங்கிக்கொண்டு போய்விடும். விழுங்கப்பட்ட துகள் உலோகத்தோடு சேர்ந்து வெட்டுப்படாது என்பதால் பட்டைக்குள் ஓர் எதிர்விசை மிஞ்சும்; பட்டை தடிப்பதற்கு அது இடைஞ்சல். ட்வின் பிறப்பதைத் துகள் தடுப்பதாக நான் கண்டதில்லை. வளர்வதை மந்தப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்வேன்.

டையை விட்டு வெளியே வந்த பிறகும் துகளுக்கு ஒரு பங்கு உண்டு. மக்னீசியம் ஒரு பாகை குளிர்ந்தால் பத்து லட்சத்தில் 26 பங்கு சுருங்கும். சிலிக்கான் கார்பைடு சுமார் நான்கு பங்குதான். 300 பாகை இறங்கும்போது இரண்டுக்கும் இடையே 0.66 சதவீத மனத்தாங்கல். அதைத் தீர்த்துக்கொள்ள ஒவ்வொரு துகளைச் சுற்றியும் டிஸ்லொகேஷன்கள் மண்டும். உலோகத்தில் இழுவையும் துகளில் அமுக்கமும் எச்சமாகத் தங்கும். உலோகம் ஏற்கெனவே இழுபட்டு நிற்பதால் அமுக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்க வேண்டும். மற்ற உலோகக் காம்போசிட்டுகளில் இதனால் இழுவை ஈல்டு குறைந்தும் அமுக்க ஈல்டு கூடியும் தெரிவதுண்டு. மக்னீசியக் கம்பியில் டெக்ஸ்சர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது; பெரும்பாலும் டெக்ஸ்சர்தான் ஜெயிக்கும். ஒரு காம்போசிட் கம்பியில் 200க்கும் 97க்கும் இடையிலான பள்ளம் சுருங்கியிருந்தால், கிரெய்ன் சிறுத்ததா, திசை கலைந்ததா, எச்ச அழுத்தமா என்று மூன்று கதவையும் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

அந்த மாணவி இரண்டாவது தடவை வந்தபோது ஒப்பீட்டுக் கம்பியோடு வந்தாள். வித்தியாசம் முன்புபோல் பெரிதாக இல்லை. வருத்தப்பட்டாள். எனக்கு அந்தச் சின்ன வித்தியாசம்தான் பிடித்திருந்தது. அதை எதிராளியின் கேள்விக்கு முன்னால் வைக்கலாம்.

துகள்கள் கெடுப்பதும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எவ்வளவு கிளறினாலும் நானோ பொடி கொத்துக் கொத்தாகத் திரளும். பிதுக்கும்போது அந்தக் கொத்துகள் கம்பியின் நீளவாக்கில் கோடாக இழுபட்டு நிற்கும். கொத்துக்குள் உலோகம் சரியாக நுழைந்திருக்காது. அது துகளும் காற்றுமான ஒரு பொந்து. கம்பியைப் பிளந்து பாலிஷ் செய்தால் நெடுக்கே கருங்கோடுகளாகத் தெரியும். நெட்டுக்கு அமுக்கும்போது பக்கவாட்டில் விரிகிற கம்பி இந்தக் கோடுகளில்தான் வாயைத் திறக்கும்.

உடைவது பெரும்பாலும் சுமைக்கு 45 பாகை சாய்ந்த தளத்தில். மக்னீசியக் கம்பி மெல்ல நசுங்கி அப்பளமாவதில்லை. ட்வின் எல்லாம் தீர்ந்த பிறகு படுத்த படிகங்களுக்குள் வேறு வகை ட்வின்கள் மெல்லிய கீற்றுகளாகத் தோன்றும். இவை அச்சைக் குறுக்குகிறவை. அவற்றுக்குள் வழுக்கல் மறுபடி எளிதாகிவிடுவதால் திரிபெல்லாம் அந்தக் கீற்றுகளிலேயே குவியும். குவிந்த இடத்தில் விரிசல், விரிசல் போகிற திசையில் சாய்ந்த தளம், ஒரே வெடிப்பு. பத்து, பதினைந்து சதவீதம் குறுகியதும் இது நடந்துவிடும். அக்ரிலிக் தடுப்பு இல்லாமல் இந்தச் சோதனைக்கு நான் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. வெடித்த துண்டுகளைத் தேடி எடுத்துப் பொருத்திப் பார்ப்பது என் பழக்கம். சாய்தளம் வழவழப்பாக, ஒரே திசைக் கீறல்களோடு இருந்தால் உலோகம் தன் ஆயுளை வாழ்ந்து முடித்திருக்கிறது. இடையிடையே கரடாக, நெடுக்குப் பிளவுகளோடு இருந்தால் கொத்துகள் அதைப் பாதியில் கொன்றிருக்கின்றன. இரண்டுக்கும் உச்ச அழுத்தம் ஒன்றாகவே வந்திருக்கலாம். அறிக்கையில் ஒரே எண் இருக்கலாம்.

சாம்பிள் வட்டமாகவே பருத்ததா என்றும் பார்ப்பேன். கம்பியின் திசை ஒழுங்கு அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பதால் வட்டம் வட்டமாகத்தான் விரிய வேண்டும். உருட்டிய தகட்டிலிருந்து வெட்டிய சாம்பிளைத் தகட்டின் தளத்திலேயே அமுக்கினால் அது முட்டை வடிவாகும், அது இயல்பு. கம்பியிலிருந்து வெட்டியது முட்டையானால் டையில் உலோகம் ஒரு பக்கமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே போய்ப் பார்க்கச் சொல்வேன்.

உடையும் வரை அமுக்குவதைவிட வழியில் நிறுத்துவதில்தான் படிப்பினை அதிகம். இரண்டு சதவீதத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று, எட்டில் ஒன்று என்று சாம்பிள்களை நிறுத்தி வெட்டிப் பார்த்தால் பட்டைகள் எங்கே பிறந்தன, எப்படித் தடித்தன, எந்தக் கிரெய்ன் விலகி நின்றது என்று தெரியும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மக்னீசியம் மிக மென்மையானது. வெட்டுகிற சக்கரமும் உப்புத்தாளும் தேய்க்கிற தேய்ப்பிலேயே மேற்பரப்பில் புது ட்வின்கள் முளைத்துவிடும். அமுக்கவே அமுக்காத சாம்பிளில் ட்வின் படம் எடுத்துக்கொண்டு வந்து ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. மெல்ல, இலேசாக, தண்ணீரைத் தவிர்த்து, ஆல்கஹாலும் வைரப் பசையுமாகப் பாலிஷ் செய்து, ஒவ்வொரு தாளும் விட்ட சேதத்தை அடுத்த தாளில் முழுக்க நீக்க வேண்டும். பிறகு பிக்ரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் கலந்த எத்தனால் கரைசலில் சில நொடி. கிரெய்ன் கிரெய்னாக நிறம் ஏறி ட்வின் பட்டைகள் ஈட்டிமுனைபோல் கூராக எழும்பும். காம்போசிட்டில் இன்னும் ரோதனை: துகள் பெயர்ந்து வந்து மற்ற இடத்தைக் கீறும். அவசரப்படுகிறவருக்கு இந்த உலோகம் பொய்தான் சொல்லும்.

சூட்டில் இந்தக் கதையே மாறிவிடும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போகிறேன். 250 பாகையை நெருங்கும்போது கடினமாக இருந்த வழுக்கல்கள் எளிதாகிவிடும், ட்வின்னின் அவசியம் போய்விடும், படுத்தெழும் கோடு மறைந்து ஒரு மேடு ஏறி இறங்கும். யிட்ரியம், நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள் சேர்ந்த கலவைகளில் டெக்ஸ்சரே வலுவிழந்து பிறப்பதால் அறைச்சூட்டிலேயே பள்ளம் சிறிதாக இருக்கும். விலைதான் பெரிது.

விலை என்றதும் ஓர் ஓரக்குறிப்பு. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் மக்னசைட் கிடைக்கிறது. அது பெரும்பாலும் உலைச் செங்கலாகிவிடுகிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மக்னீசிய உலோகத்தை மின்னாற்பகுப்பில் எடுக்கும் வேலையும் நடந்திருக்கிறது. ஆனாலும் உலக மக்னீசியத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வருகிறது. எங்கள் மாணவர்களின் உலோகத்துக்கும் ஊர் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது என் மனத்தை அரிப்பது வேறொன்று. ஒரே தடவை அமுக்கி உடைக்கிற சோதனை இந்தக் கம்பிகளுக்குப் போதாது. ட்வின் திரும்பக்கூடியது. அமுக்கிச் சாய்த்த பட்டையைத் திருப்பி இழுத்தால் அது நிமிர்ந்து கரைந்துபோகும். முழுச் சுமையை எடுத்த உடனேகூட ஒரு பகுதி தானாக நிமிரும். அதனால்தான் சுமையை இறக்கும்போது கோடு ஏறிய வழியில் நேராக இறங்காமல் வளைந்து இறங்குகிறது. கார் சக்கரத்தில், இருக்கைச் சட்டத்தில், அதிர்கிற எந்தப் பாகத்திலும் கம்பி அமுங்கியும் இழுபட்டும் மாறிமாறித்தான் வாழும். ஒவ்வொரு சுற்றிலும் பட்டைகள் சாய்ந்து நிமிரும். துகள் விழுங்கப்பட்ட பட்டையில் அந்த எதிர்விசை நிமிர்வதற்கு உதவுமா, நிமிரும்போது துகளின் விளிம்பில் இடைவெளி விடுமா என்று பார்க்க ஒரே சாம்பிளை அமுக்கவும் இழுக்கவும் பிடிக்கிற கிரிப் வேண்டும். நடுவில் மெலிந்து இரு முனையிலும் தடித்த சாம்பிள் வேண்டும். அச்சு இம்மியும் பிசகாத சீரமைப்பும் வேண்டும். பிசகினால் அமுக்கத்தில் வளைந்துவிடும். லேத் அண்ணனிடம் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். கழுத்து வளைவில் டூல் குறி விழாமல் கடைய வைர முனை கேட்கிறார். இந்த மாதக் கொள்முதல் பட்டியலில் அதை எழுதிவிட்டோம்.